பங்கு அறையின் பூட்டு

மதியம் ஒன்று இருபதுக்கு மின்சாரம் நின்றது. நான் இரண்டாம் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்திருந்தேன். காரைக்குடியில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு அது. முன்னோருக்குப் படைக்கும் நாள் என்பதால் எல்லாக் குடும்பங்களும் வந்திருந்தன. மே மாதம்.

வெயிலிலிருந்து பிள்ளைகளைக் காப்பது பற்றி என்னளவு படித்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை. உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், தெர்மாமீட்டர், இரண்டு தொப்பி, கைவிசிறி என்று ஒரு பை நிறையக் கொண்டுபோயிருந்தேன். மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் அண்டாத் தண்ணீரை ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டு, மோரைக் குடித்துவிட்டு மறுபடி ஓடினார்கள். ஆறு வயதான என் மகள் மட்டும் என் மடியில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தாள். கால்மணிக்கு ஒரு முறை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏசி உள்ள ஒரே அறை பெரியப்பாவுடையது. அவர் பங்குக்கு விழுந்த மாடியில் தகரக் கூரை போட்டு எழுப்பியது. குளிர் வெளியே போய்விடும் என்று சன்னலே வைக்கவில்லை. கீழே முழ அகலச் சுவர்களுக்குள் கூடம் தானாகவே சில்லென்று இருந்தது. அது எனக்குப் போதவில்லை. பெரியப்பாவிடம் கெஞ்சி, பன்னிரண்டரைக்கு மகளை அந்த அறையில் தூங்கவைத்தேன். பையையும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட இறங்கினேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் பங்கு அறையை அவரவர் பூட்டுவார்கள். குளிக்கப் போனாலும் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். ஒருவர் பூட்டை மற்றவர் தொடமாட்டார். இதில் சந்தேகம் ஒன்றும் கிடையாது, மரியாதைதான்.

மின்சாரம் நின்றதும் கையைக்கூடக் கழுவாமல் மாடிக்கு ஓடினேன். கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு தொங்கியது. பின்னாலேயே ஏறிவந்த சித்தப்பா விளக்கினார்.

"அண்ணன் ஒரு சோலியா தேவகோட்டைக்குப் போயிருக்காக. பிள்ளை நல்லாத் தூங்குது, தொறந்து போட்டா ஆளாளுக்கு வந்து படுத்துருவாக, பூட்டிட்டேன், பத்திரமா இருக்கும்னு சொல்லிட்டுத்தான் போனாக."

பெரியப்பாவின் கைபேசிக்கு அழைத்தேன். மணி அறைக்குள்ளிருந்து கேட்டது. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தச் சத்தத்தில் மகள் விழித்துக்கொண்டாள்.

"அப்பா, இருட்டா இருக்கு. சுடுது."

"கதவுகிட்ட வந்து தரையில படுத்துக்கம்மா. கீழ் இடுக்குல காத்து வரும்."

காற்று வரவில்லை. இடுக்கையும் குளிருக்காகத் துணி வைத்து அடைத்திருந்தார். இழுத்துவிடச் சொன்னேன். கொஞ்சம் இழுத்தாள்.

அதற்குள் பங்காளிகள் மாடியில் கூடிவிட்டார்கள்.

"பூட்ட உடைச்சுருவோமா?" என்று ஒருவர் கேட்டார்.

"அவுக பங்குல கை வச்சா நாளைக்கு ஒரு பேச்சு வரும்" என்றார் சித்தப்பா. "நான் பொதுச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சதுக்கே இன்னும் பேசிக்கிட்டு இருக்காக."

"சிங்கப்பூர்ல அவுக மகன் இருக்கான்ல. அவன ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா நல்லது."

"வாட்ஸ்அப் குழுவுல போடுங்க. எழுத்துல இருக்கட்டும்."

குழுவில் செய்தி போயிற்று. மகன் பார்க்கவில்லை. சென்னைப் பங்காளி ஒருவர் கைகூப்பும் படம் அனுப்பினார். அது பூட்டை உடைக்கச் சம்மதமா, படைப்புக்கு வணக்கமா என்று கொஞ்ச நேரம் ஆராய்ந்தார்கள்.

இவர்களைக் கேலி செய்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் செய்தியைத் தட்டச்சு செய்தவன் நான்தான். 'தயவுசெய்து அனுமதி தரவும்' என்று முடித்திருந்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்ததும் நினைவிருக்கிறது. தலை நிமிர்ந்தபோது மகள் அழுவதை நிறுத்தியிருந்தாள். கூப்பிட்டேன். பதில் இல்லை.

சாக்கோட்டையிலிருந்து சமையலுக்கு வந்திருந்த ஒரு அம்மா, விறகு பிளக்கும் கோடாலியோடு படியேறி வந்தார்.

"தள்ளுங்க."

"ஏத்தா, அது அவுக பூட்டு" என்றார் சித்தப்பா.

"எனக்கு இந்த வீட்ல பங்கு இல்லய்யா. என்னைய யாரு என்ன பேசப்போறாக?"

மூன்றாவது அடியில் கொண்டி பெயர்ந்தது. அடுப்பைத் திறந்தது போல் அனல் முகத்தில் அடித்தது. மகள் கதவோரம் சுருண்டு கிடந்தாள். முகம் செக்கச்சிவந்திருந்தது, கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்க்கவில்லை. கீழே கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் பையைத் தேடி மறுபடி மாடிக்குப் போகப் பார்த்தேன். அந்த அம்மா அதற்குள் பட்டுப்பாவாடையைத் தளர்த்தி, ஈரத் துண்டால் கழுத்தும் அக்குளும் ஒற்றிக்கொண்டு, "அங்குட்டு எங்க போறீக? விசிறுங்க" என்றார். விசிறினேன். இரண்டு மணி தாண்டித்தான் மகள், கோயிலுக்குப் போயிருந்து அப்போதுதான் ஓடிவந்த என் பெண்டாட்டியைப் பார்த்து "அம்மா, தண்ணி" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அப்படியும் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று வாசலில் காரைத் திருப்பச் சொன்னேன்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படி இறங்கும்போது ஆட்டோவில் பெரியப்பா வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. மகளின் தலையைத் தடவ வந்த கை பாதியில் நின்றது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் காட்டினார்.

"சாவி என்கிட்டதானப்பா இருக்கு. நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாமுல்ல?"