குங்குமம் பட்ட இசைத்தட்டு

ஊசியை வைத்ததும் வீணை வரவில்லை. கடலை வறுக்கிற சத்தம்தான் வந்தது.

ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கு அகில இந்திய விருது. தென்னிந்தியத் தட்டுகளைக் கேட்க மூன்று நடுவர்கள் பெங்களூரில் கூடியிருந்தார்கள். பிளேயர் எங்கள் இசைத்தட்டுக் கடையுடையது. தட்டுப் போடுகிறவன் நான். அப்போது சுற்றிக்கொண்டிருந்தது என் மகள் வசந்தாவின் முதல் எல்.பி. இன்னும் விற்பனைக்கு வராத தட்டு. ஊரில் அந்த ஒரு பிரதிதான். அவள் என் மகள் என்பதை வெளியே சொல்ல வேண்டாம் என்பது முதலாளி நஞ்சுண்ட செட்டியின் கட்டளை.

மூத்த நடுவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு மழையில உக்காந்து வாசிச்சுதாப்பா?"

தட்டைத் தூக்கிப் பார்த்தேன். கோடுகளுக்குள் சிவப்புப் பொடி. பக்கத்தில் நின்ற செட்டியைப் பார்த்தேன்.

"நேத்து வெள்ளிக்கிழமை இல்லையா?" என்று முணுமுணுத்தார். "பூஜை ஆகாம நம்ம கடைச் சரக்கு எது வெளிய போச்சு? லேபிள் மேலதான் பொட்டு வெச்சேன் மாணிக்கம். உதிர்ந்திருச்சு போல."

"அடுத்ததைப் போடுங்க," என்றார் இன்னொரு நடுவர்.

அடுத்தது போட்டால் வசந்தாவின் கதை முடிந்தது.

"கொஞ்சம் பொறுங்க ஐயா. மழை இல்ல, குங்குமம். கழுவிடறேன்."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குறுக்கே துடைக்கக் கூடாது, கோடு ஓடும் வழியிலேயே துடைக்க வேண்டும், லேபிள் நனையக் கூடாது. பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். பிறகு நல்ல தண்ணீர். கடைசியில் வேட்டி நுனியால் ஒற்றினேன்.

மூத்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணா?"

செட்டி கூரையைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"எப்படி ஐயா தெரிஞ்சுது?"

"தட்டையா கழுவினீங்க? காதுக்குப் பின்னாடி சோப்பு போகுதான்னு பாத்துப் பாத்து, குழந்தைக்குல்ல தலை துவட்டினீங்க. வெளிய போய் நில்லுங்க. செட்டியார் போடட்டும்."

வராந்தாவில் நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் வீணை ஆரம்பித்தது; கடலை வறுபடவில்லை. நான்தான் வறுபட்டேன்.

விருது வசந்தாவுக்கு வந்தது. கேடயத்தைக் கடை மேஜைமேல் வைத்ததும் செட்டி குங்குமச் சிமிழைத் திறந்தார். நான் கேடயத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கேடயத்துல ஏதுய்யா கோடு?" என்றார் அவர்.

எங்கள் கடையில் பூஜை நிற்கவில்லை. பொட்டு மட்டும் இடம் மாறிவிட்டது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இப்போது இதையும் சொல்கிறேன்: தட்டுக்கு வேண்டாம், உறைக்கு வையுங்கள்.