எர்த் குழாய்க்கு ஒரு சொம்புத் தண்ணி

என் மகனுக்குச் சாமான் வாங்கத் தெரியும். வாங்கின சாமானை வைத்துக் காப்பாற்றத் தெரியாது. இதை அவன் முகத்துக்கு நேரே பல தடவை சொல்லியாச்சு. அதனால் இங்கே எழுதுவதில் எனக்கு ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. நான் மூணாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எனக்கு அவசரமும் கிடையாது.

போன மாசியில் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது. என் பேத்தி, அதாவது இந்த மகனுடைய மகள், பரமக்குடியில் வாக்கப்பட்டவள். தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வர இருந்தாள். எங்கள் ஊர் திருவாடானைக்குக் கிழக்கே மிளகாய்க் காட்டுக்கு நடுவில் கிடக்கிறது. பங்குனி சித்திரை வெக்கையைப் பிள்ளைத்தாச்சி தாங்க மாட்டாள் என்று ஏசி. அவள் பச்சைத்தண்ணியில் குளிக்கக் கூடாது என்று கீசர். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணி தானாகவே சுட்டுக் கிடக்கிற ஊரில் கீசர் எதற்கு என்று கேட்டேன்.

"டவுன்ல எல்லார் வீட்டுலயும் இருக்கு ஆத்தா" என்றான்.

டவுனில் எல்லார் வீட்டிலும் இருக்கிறதெல்லாம் இங்கன வந்துவிட்டால் நாம் எங்கே போய்ப் படுப்பது.

ஏசி மாட்ட வந்தவன் காதில் போனை இடுக்கிக்கொண்டே வேலை பார்த்தான். வெளி மிசினை மாடியில் வைத்தான். எங்கள் ஊருக்குக் கிழக்கே திருப்பாலைக்குடிக் கடல். அங்கிருந்து வருகிற காத்து சன்னல் கம்பியையே தின்றுவிடும். அது என் மகனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்தான் என்றால், அந்த மிசினை நீலத் தார்ப்பாயால் மூடி, வைக்கோல் போருக்குக் கட்டுகிற மாதிரி கயிறு போட்டு இறுக்கினான்.

"ஏலே, ஓடுற மிசினு மூச்சு விட வேண்டாமா?" என்றேன்.

"உப்புக்காத்து படாம இருக்கட்டும்."

"அப்ப நீயும் ஒரு சாக்குக்குள்ள போயி உக்காரு. ஒனக்கும்தான் உப்புக்காத்து படுது."

மாட்ட வந்தவன், "நல்ல ஐடியாதான் சார்" என்றான். தார்ப்பாயை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான். அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினோம்.

பங்குனி பிறந்தது. மகள் வருவதற்கு முன்னால் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி மகனும் மருமகளும் தினமும் மத்தியானம் அந்த அறையில் படுத்துத் தூங்கினார்கள். பத்து நாளில் குளிர் குறைந்துவிட்டது. அதோடு ரெண்டு பேரும் தும்மினார்கள். தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை, வீடே குலுங்குகிற தும்மல். ஏசி மாட்டின அந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டால் கேஸ் தீர்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டான். வாங்கி ஒரு மாசம்கூட ஆகாத மிசினில் கேஸ் எப்படித் தீரும் என்று கேட்க என் மகனுக்குத் தோன்றவில்லை.

அந்த அறையை ஒட்டித்தான் எங்கள் மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. வருசா வருசம் அங்கனதான் அடுக்குவோம். அறைக்குள் இருக்கிற மிசினை மாட்டும்போது அந்த மெக்கானிக் மூடியைத் தூக்கி உள்ளே இருக்கிற வலையை எடுத்துக் காட்டினானே, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சுவிட்சை அணைத்துவிட்டு, முக்காலி போட்டு ஏறி, மூடியைத் தூக்கினேன். வலை வலையாக இல்லை. மிளகாய்த்தூள் அப்பின கருவாடு மாதிரி சிவந்து கிடந்தது. அலசி, நிழலில் காய வைத்து மாட்டினேன். குளிர் வந்துவிட்டது, தும்மலும் போய்விட்டது.

"கைய வச்சு ஒடைச்சுக்கிடச்சு வைக்காத ஆத்தா" என்றான் மகன். இதுதான் எனக்குக் கிடைத்த நன்றி. மூட்டைகளை மறுநாள் நானே தொழுவத்துப் பக்கம் மாற்றச் சொன்னேன்.

அந்த வாரமே இன்னொரு தொந்தரவு. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டிரிப் சுவிட்ச் உண்டு. ஏசியைப் போட்டால் அது டப்பென்று விழுந்து வீட்டுக் கரண்டை நிறுத்தியது. தூக்கிவிட்டால் மறுபடி விழும். மெக்கானிக் வந்தான். அது பழசு, கெட்டுப்போச்சு என்று சொல்லி, அதில் கொடுத்திருந்த வயரைக் கழற்றி நேராக மெயினோடு சேர்த்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் விழவே இல்லை. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருடனே வரவில்லை என்று சந்தோசப்படுகிறவர்களை என்ன சொல்ல.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் முற்றத்தில் சுவரோரமாக ஒரு இரும்புக் குழாய் மண்ணிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் எர்த் குழாய். வீட்டுக்கு முதன்முதலில் கரண்ட் இழுத்தபோது திருவாடானையிலிருந்து வந்த ஒயர்மேன் அதை நட்டார். ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் அந்தக் குழாயை இறக்கினார். அப்போது அவர் வயசுப்பிள்ளை. என்னிடம், "அக்கா, நம்ம மண்ணு காஞ்ச மண்ணு. இதுக்குத் தெனம் ஒரு சொம்புத் தண்ணி ஊத்துங்க. இது காஞ்சுபோச்சுன்னா வீட்டுக்குக் காவல் இல்ல" என்றார்.

நான் ஊற்றினேன். அரிசி களைந்த தண்ணியில் ஒரு சொம்பு, தினம். கண்மாய் வெடித்துக் கிடந்த வருசங்களில், குடிதண்ணிக்கு லாரியை எதிர்பார்த்து நின்ற காலத்திலும் ஊற்றினேன். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கு நானும் சொன்னதில்லை.

பேத்திக்குப் பரமக்குடியில் வளைகாப்பு. முடித்துக் கூட்டி வரும்போது சம்பந்தி வீட்டாரும் கூடவே வருவார்கள். மண் முற்றத்தில் அவர்களை நிற்க வைத்தால் மரியாதை இல்லை என்று மகன் பேவர் கல் பதிக்க ஆள் கூட்டி வந்தான். என் முற்றம் அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுகூடப் போகட்டும். காலையில் நான் வழக்கம்போலச் சொம்போடு வந்து குழாயில் தண்ணி ஊற்றினேன். கல் இறக்க வந்த ஆட்கள், பங்காளி வீட்டு ஆம்பளைகள், எல்லாரும் நிற்கிறார்கள். என் மகன் சொன்னான்:

"எங்க ஆத்தா இந்தக் குழாய்க்கு எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து தண்ணி ஊத்துது. எப்பக் காய்க்கும்னுதான் தெரியல."

எல்லாரும் சிரித்தார்கள். கொத்தனார், "காய்ச்சா எனக்கு ரெண்டு இஞ்சிப் பைப்பா ஒண்ணு பறிச்சுக் குடுங்க ஆத்தா" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

நான் சொம்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மருமகள் வந்து, "அத்தை, அந்தக் குழாய் மட்டத்துக்கு இடிக்குதாம். அறுத்துரலாமான்னு கேக்குறாரு கொத்தனாரு. அது என்னத்துக்கு இருக்கு?" என்று கேட்டாள். எத்தனையோ வருசத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் கேட்கிறாள். சொல்லியிருக்க வேண்டும்.

"காய்க்காத மரந்தானே. ஒம் புருசன்ட்டயே கேளு" என்றேன்.

அவள் புருசனுக்கு என்ன தெரியும். அறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். ரம்பம் இழுக்கிற சத்தம் அடுப்படியில் எனக்கு நன்றாகக் கேட்டது. அறுக்கட்டும், பட்டால் தெரியும் என்று நினைத்தேன். படப்போகிறது யார் என்று நினைக்கவில்லை.

பேத்தி வந்தாள். சம்பந்தி வீட்டார் முற்றத்தைப் புகழ்ந்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சித்திரையில் ஒரு நாள் காலை, குளியலறை வாசலில் ரப்பர் செருப்பு ஒரு சோடி ஈரமாகக் கிடந்தது. மறுநாளும் கிடந்தது. எங்கள் வீட்டில் செருப்பு வாசப்படி தாண்டி உள்ளே வராது. பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அப்பா குடுத்தாக அப்பத்தா. போட்டுக்கிட்டுக் குளிக்கச் சொன்னாக."

"குளிக்கிறதுக்கு எதுக்குடி செருப்பு?"

"கீசர் குழாயத் தொட்டா சுரீர்னு இழுக்குது. அப்பாட்டச் சொன்னேன். லேசாத்தான் இருக்கும், செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யாதுன்னாக."

"எத்தன நாளா?"

"நாலு நாளாச்சு. வயித்துல புள்ளை வேற துள்ளுதா, எது ஷாக்கு எது புள்ளைன்னே தெரியல" என்று சிரித்தாள்.

எட்டு மாசம் அவளுக்கு. அந்த ரம்பச் சத்தம் காதுக்குள் மறுபடி கேட்டது. நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

உள்ளே ஏசி நின்றதும் மகன் எழுந்து வந்தான். "யாரு மெயின அமத்துனது?"

"நாந்தேன். எவனாவது தூக்குனா அந்தக் கைய ஒடிப்பேன்."

"வெக்கையில புள்ள கெடக்குது ஆத்தா."

"வெக்கையில கெடந்தா வேர்க்கும். நீ குடுத்த செருப்புல நின்னா செத்துப்போகும். புள்ளைக்குப் பொறந்த வீட்டுச் சீரா ரப்பர் செருப்புக் குடுத்த அப்பனை நான் இந்தத் தாலுகாவுல கண்டதில்ல. ஈரத்துல அது ஒரு தடவை வழுக்குனா போதும், ஒரு கை குழாயில இருக்க மறு கை சொவத்தத் தொடும். போயி திருவாடானை ஒயர்மேனக் கூட்டியா. அந்தப் போன்காரன் வேண்டாம்."

வண்டியை எடுத்தான்.

அவன் வருகிற வரைக்கும் நான் சும்மா இருக்கவில்லை. தொழுவத்திலிருந்து கடப்பாரையை இழுத்து வந்து, சுவரோரத்தில் இடம் பார்த்து, பேவர் கல்லை நெம்பினேன். மருமகள், "ஐயோ அத்தை, புதுக் கல்லு" என்றாள். கல் புதுசுதான். மூணு கல்லைப் பெயர்த்து, ஜல்லியையும் மண்ணையும் கிண்டின பிறகு அறுத்த குழாய் தெரிந்தது. அதில் பிடித்திருந்த வயர் தனியாக, கைப்பிடி அறுந்த பை மாதிரி கிடந்தது. மண் தண்ணி காணாமல் சாம்பல் மாதிரி இருந்தது.

ஒயர்மேன் வந்தார். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, எங்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெயினைத் தூக்கி டெஸ்டரை எடுத்தார். கீசர் குழாயில் வைத்தார், எரிந்தது. பிரிட்ஜ் கதவிலும் கிரைண்டரிலும் வைத்தார், அங்கேயும் எரிந்தது. மெயினை இறக்கிவிட்டு மாடிக்குப் போனார். தார்ப்பாயைப் பிரித்தால் உள்ளே அணில் கூடு. வெதுவெதுவென்று நல்ல இடம் பார்த்துக் குடியிருந்து, வயரின் தோலை எல்லாம் கடித்து வைத்திருந்தது. தார்ப்பாய் உப்புக்காத்தை மறைத்ததோ இல்லையோ, அணிலுக்குக் குடிசை போட்டுக் கொடுத்திருந்தது.

இறங்கி வந்து என் மகனிடம் சொன்னார்: "மேல கசியிற கரண்டு மண்ணுக்குப் போகணும். வீட்டுல உள்ள எல்லா எர்த் வயரும் ஒண்ணாச் சேந்து இந்தக் குழாய்க்குத்தான் வருது. குழாய அறுத்தாச்சு. போக வழியில்லாம, இரும்பு எங்கெங்க இருக்கோ அங்க வந்து உக்காந்திருக்கு. கசிவ வந்து சொன்ன டிரிப் சுவிட்சையும் கழட்டியாச்சு. ஒங்க மகளுக்கு ஆயுசு கெட்டிதான்."

அதோடு அவர் விடவில்லை. "அக்கா அத்தன வருசமாத் தண்ணி ஊத்துன குழாயில்ல? யாரு அறுத்தா?"

மகன் கொத்தனாரைச் சொல்ல வாயெடுத்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. ஊரையெல்லாம் ஏசிக்கொண்டே இத்தனை நாள் இருந்தேனே, இதில் விவரம் தெரிந்த ஆள் ஒரே ஒருத்திதான். தெரியாமல் அறுத்தவனைவிட, தெரிந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள் ஒசத்தியா.

"அறுத்தது கொத்தனாரு. அறுக்கட்டும்னு விட்டது நான்" என்றேன். "என்னப் பாத்துச் சிரிச்சான்னு ஒரு வீம்பு."

பேத்திதான், "அந்தச் சிரிப்புக்கு நானா அப்பத்தா ஷாக்கு வாங்குறது?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று தைக்க அது போதும்.

அன்று சாயங்காலத்துக்குள் புதுக் குழாய் இறங்கியது. கரியும் உப்பும் நானே போட்டேன். கடித்த வயரை எடுத்துவிட்டு வேறு போட்டார். புது டிரிப் சுவிட்ச் வைத்து, அதிலுள்ள பொத்தானை அமுக்கிக் காட்டினார், டப்பென்று விழுந்தது. மாசம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும், விழாவிட்டால்தான் பயப்படணும் என்றார். டெஸ்டரை எல்லா இடத்திலும் வைத்தார், எங்கேயும் எரியவில்லை. அதற்குப் பிறகும் பேத்தியை நான் விடவில்லை. மறுநாள் காலையில் வெறுங்காலோடு நான் முதலில் குளித்துவிட்டு வந்து, அப்புறம்தான் அவளை உள்ளே அனுப்பினேன். செருப்பு வாசலுக்குப் போனது.

வைகாசியில் அவளுக்குப் பெண் பிறந்தது, ரெண்டு பேரும் சுகம். ஏசி அறையில்தான் படுத்திருந்தார்கள். வலையை மாசம் ரெண்டு தடவை நான் அலசிக் கொடுத்தேன்.

குழாயைச் சுற்றி என் மகன் சிமெண்டில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, மூடி போட்டு வைத்திருக்கிறான். காலையில் எழுந்ததும் அவனே தண்ணி ஊற்றுகிறான். சொம்பில் இல்லை, குடத்தில். தென்னம்பிள்ளைக்கு ஊற்றுகிற மாதிரி, முற்றமெல்லாம் ஓடுகிற அளவுக்கு.

"ஏலே, ஒரு சொம்பு போதும்" என்கிறேன். அவன் கேட்கிறதில்லை. வாங்கத் தெரிந்த அளவுக்கு வைத்துக் காப்பாற்றத் தெரியாது என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் இப்போதெல்லாம், அவன் கேட்காவிட்டாலும், ஏன் ஒரு சொம்பு போதும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.