பிளாஸ்க் மூடியில் அளந்த தண்ணீர்

பேகம்பூரில் எங்கள் வீட்டுக் குழாயில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். வந்தால் டிரம், குடம், குக்கர் வரைக்கும் பிடித்து வைத்துவிடுவேன். குளிக்க ஆளுக்கு அரை வாளி. தொழுகைக்கு முன் ஒளு செய்ய ஒரு சொம்பு. அந்தத் தண்ணீரும் கறிவேப்பிலைச் செடிமேல்தான் விழவேண்டும்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு சரக்குப் படகில் சமையல்காரராக இருந்தார். லீவில் வந்தால் இதே சண்டைதான்.

“ஏன் புள்ள, செத்துப்போன மையத்தைக் குளிப்பாட்டக்கூட இதைவிட அதிகமா ஊத்துவாங்களே.”

“வாயக் கழுவுடா” என்று மாமி அதட்டுவார்.

“அதுக்கும் உன் மருமகதாம்மா தண்ணி தரணும்.”

போன வருசம் அவரிடமிருந்து போன் வருவது திடீரென்று நின்றுபோனது. மூன்றாம் நாள் முதலாளியின் ஆபீசில் சொன்னார்கள். கொள்ளைக்காரர்கள் கடத்திய படகு கிடைத்துவிட்டது, அதில் வேலையாட்கள் யாரும் இல்லை என்று. “யா அல்லாஹ், அவரைத் திருப்பிக் கொடுத்துடு” என்பதைத் தவிர எனக்கு வேறு துஆ வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்தது. அவர் லீவில் இருந்தால் மட்டும் பிடிக்கிற நீல டிரம்மை மாமி உருட்டிக்கொண்டு வந்தார்.

“எதுக்கு மாமி?”

“எம்புள்ள வந்தாக் குளிக்க வேணாமா? பிடி.”

அழுதுகொண்டே விளிம்புவரை பிடித்தேன்.

மறுநாள் மதியம் ழுஹர் தொழுது எழுந்தபோது போன் வந்தது. குரல் கம்மிப்போயிருந்தது. “புள்ள, நாந்தான். உசுரோட இருக்கேன்.”

நடந்ததெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். துப்பாக்கிக்காரர்கள் வேலையாட்கள் ஆறு பேரையும் ஒரு ரப்பர் படகில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். கையில் அரைக் கேன் தண்ணீரும் இவருடைய டீ பிளாஸ்க்கும்தான். இவர் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் பிளாஸ்க் மூடியில் ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தாராம்.

“நீ யாருய்யா எங்களுக்கு அளந்து ஊத்த?”

“எம்பொண்டாட்டி இம்புட்டுத் தண்ணிய வச்சு ஒரு குடும்பத்தையே ஓட்டிருவா. நாம ஆறே பேரு.”

“எத்தன நாளைக்கு ஓட்டுவ?”

“பைப்புல வர்ற வரைக்கும்.”

அந்த ஆளும் சிரித்துவிட்டாராம். ஆறாம் நாள் ஒரு கப்பல் அவர்களைக் கண்டது. கேனில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வந்த அன்று நீல டிரம்மிலிருந்து இரண்டு வாளி நிறைய எடுத்து வைத்தேன். “இன்னைக்கு அளவெல்லாம் கிடையாது. ஆசை தீர ஊத்துங்க.”

ஒரு வாளி அப்படியே திரும்பி வந்தது. இன்னொன்றில் பாதி இருந்தது.

“ஏன்டா, நல்லாக் குளிக்கலாம்ல?” என்றார் மாமி.

“மையத்துக்குத்தாம்மா நெறையா வேணும். உசுரோட இருக்கறவனுக்கு அரை வாளி போதும்.”

மிச்சத்தை அவரே டிரம்மில் ஊற்றி மூடினார். பிறகு ஒரு சொம்பு மோந்துகொண்டு கறிவேப்பிலைச் செடியருகே போய், அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் தொழுவதற்கு ஒளு செய்ய உட்கார்ந்தார்.