ஏரிக்கு வந்த தாய்லாந்துச் சட்டை

பழவேற்காட்டிலிருந்து பசியாவரத்துக்குப் படகில் போய்க்கொண்டிருக்கிறேன். கழி ஊன்றுகிறவரின் சிவப்புச் சட்டையில் ஜாங்கிரி பிழிந்ததுபோல் எழுத்து. பஸ் பலகையை எழுத்துக்கூட்டியாவது நானே படிப்பவள்; இது எனக்குப் பிடிபடவில்லை.

“இன்னா நைனா எழுதிருக்கு?”

“தாய்லாந்து எழுத்தும்மா. அங்க என் தம்பி வேல செஞ்ச கம்பெனியோட புட்பால் கிளப்பு. மொதல்ல ஷிப்ட் முடிஞ்சு தொழிலாளிங்கதான் ஆடுனாங்க. அப்புறம் பெரிய கோப்பையே ஜெயிச்சாங்களாம். புது முதலாளி வந்தாரு, வேணாம்னாரு. ஒரே நாள்ல கிளப்பு காலி. சட்டைங்கள தம்பி மூட்டை கட்டி எடுத்தாந்துட்டான். இப்ப எங்க ஊரு டீமு போட்டு ஆடுது.”

“உங்க டீமையும் எவனாவது வேணாம்னா?”

“எங்களுக்கு ஏதும்மா முதலாளி?” என்று சிரிக்கிறார். உடனே முகம் வாடுகிறது. மாலையில் பக்கத்து ஊரோடு ஆட்டம். ஆனால் இவர்களுடைய கோல்கீப்பருக்கு ஏரியில் இன்றுதான் பாடு. பாடு என்றால் வலை போடும் முறை; யாருக்கு எந்த நாள் என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்களாம். அதை விட முடியாது. அவன் வலையை இழுத்து முடிப்பதற்குள் இருட்டிவிடும்.

திட்டைத் தாண்டியதும் பார்க்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் கையுறை மாட்டிய ஒருவன் வலையோடு நிற்கிறான். அவனோடு சிவப்புச் சட்டைகளும் நீலச் சட்டைகளும் சேர்ந்து இழுக்கின்றன.

“நீலம் எதிர் டீமும்மா!”

“சீக்கிரம் எறங்குடா, நீங்க தோக்க நேரமாவுது!” என்று நீலச் சட்டைக்காரன் ஒருவன் கத்துகிறான்.

கழியை என் கையில் கொடுத்துவிட்டு இவர் குதிக்கிறார். எனக்கென்ன அவசரம்? படகு நகராமல் அழுத்தி ஊன்றிக்கொள்கிறேன்.