நானே கெடுத்த மிக்ஸி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சிவப்பு வயரைப் பிடுங்கிவிட்டு, "தானாவே நின்னு போச்சுங்க" என்று ரிப்பேருக்கு எடுத்துப் போனவன் நான். முட்டாள்தனத்தில் அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. மிக்ஸிக்கு முன்னால் இஸ்திரிப் பெட்டி, அதற்கும் முன்னால் டேபிள் ஃபேன். எல்லாம் என் கைவரிசைதான்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆரணிக்கும் போளூருக்கும் நடுவே முப்பது வருஷம் வாய் மூடாமல் பேசியிருக்கிறேன். ஓய்வு பெற்ற கையோடு மகளுக்குக் குழந்தை பிறந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ள மனைவி சென்னைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அந்த அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறியவர்களை எல்லாம் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கீது" என்று நெருக்கித் தள்ளினேன். நான்காம் நாளே மகள் என்னை ஆரணிக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

வீட்டில் நான் மட்டும். முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தேன். இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம் குக்கர் விசிலடித்தது. கூடத்தில் இருந்தபடியே "போலாம், ரைட்!" என்று குரல் கொடுத்தேன். குக்கர் நகரவில்லை. காலையிலிருந்து நான் பேசியிருந்த ஒரே பேச்சு அதுதான் என்பது சோற்றைத் தட்டில் போட்டபோதுதான் உறைத்தது. சிரிக்க வேண்டிய விஷயம். சிரிப்பு வரவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தறிக்கூடம் காலியாகக் கிடந்தது. அதன் சொந்தக்காரர்கள் பட்டுத் தறிகளைப் பெரிய கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் அந்த இடத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு மேஜை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு டீ அடுப்போடு தினமும் நாலு மணிக்குத் திறந்து வைத்தார். கெட்டுப்போன சாமானை யாரும் கொண்டுவந்து, பிரித்து, சரிசெய்யக் கற்றுக்கொள்ளலாம். தறி இருந்த இடங்களில், நெய்கிறவர் கால் விட்டு உட்காரும் குழிகள் மூடப்படாமல் இருந்தன. குழிக்கு இரண்டு பேராகக் காலைத் தொங்கவிட்டு உட்காருவார்கள். உட்கார்ந்தவர் நினைத்த மாத்திரத்தில் எழ முடியாது. பக்கத்தில் இருப்பவரோடு பேசித்தான் ஆகவேண்டும்.

முதல் நாள், எரியாத டார்ச் லைட்டோடு போனேன். அது மட்டும் நிஜமாகவே கெட்டுப்போனது. கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து நேராகக் குழிக்குள் இறங்கினேன்.

"இன்னா கண்டக்டரே, ஸ்டாப்பிங் வர்றதுக்குள்ள எறங்கிட்டீங்க!" என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர். என் பஸ்ஸில் வந்து போனவர், பவர்லூம் ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே காலம் போனதால், மெல்லப் பேசுவது எப்படி என்று அவருக்கு மறந்தே போயிருந்தது. அவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள்.

வருகிறவர்களை எல்லாம் டீச்சர் எங்கள் ஊர்ப் பேச்சில் "இன்னா ரிப்பேருங்க?" என்று விசாரிப்பார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் கண்டக்டர் புத்திக்கு அது டிக்கெட் கேட்பது மாதிரி பட்டது. கையில் உடைந்த சாமான் இல்லாதவனை நடுவழியில் இறக்கிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். டார்ச் அரைமணியில் எரிந்துவிட்டது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு மறுநாளும் வேண்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

ஃபேன், இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி எல்லாம் தீர்ந்து, சுவர்க்கடிகாரம் ஒன்றுதான் பாக்கி. அதன் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு எடுத்துப் போய், பவர்லூம்காரர் பக்கத்தில் குழியில் உட்கார்ந்தேன்.

டீச்சர் குழியருகே வந்து கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேட்டரியை மாற்றிப் போட்டார். கடிகாரம் டிக் டிக் என்றது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னும் டீ கூடப் போடவில்லை, அதற்குள் நான் வீட்டுக்குப் போகவேண்டியவன் ஆகிவிட்டேன்.

"அந்தச் சின்ன முள்ளு லேசா வளைஞ்ச மாதிரி இல்லீங்களா?" என்று இழுத்தேன்.

அப்போது பவர்லூம்காரர் டீச்சர் பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியம் சொன்னார்:

"டீச்சர்! இவுரே கெடுத்து எடுத்துகினு வர்றது நமக்குத் தெரியும்னு இவுருகிட்ட சொல்லிடாதீங்க! பாவம், வராம பூடப் போறாரு!"

நான் அவருக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மெதுவா பேசுங்கன்னு எத்தினி தபா சொல்றது?" என்றார் டீச்சர்.

"மெதுவாத்தான பேசினேன்!" என்று அவர் கத்தினார்.

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி எல்லாக் குழிகளையும் சுற்றி வந்தது. கடைசியாக என்னிடமும் வந்தது. காது மட்டும் சூடாகவே இருந்தது. எழுந்து ஓடலாம் என்று பார்த்தேன். குழிக்குள் இருந்த கால் ஒத்துழைக்கவில்லை.

"அட, நான் மட்டும் இன்னா யோக்கியமா?" என்று பவர்லூம்காரர் என் தோளில் தட்டினார். "மூணு மாசமா ஒரே ரேடியோவத்தான் தொறந்து தொறந்து மூடிகினு கீறேன். அது பாடிட்டா அப்புறம் இன்னாத்தச் சொல்லி இங்க வர்றது?"

டீச்சர் மேஜைக்குத் திரும்பி யாருடைய குக்கர் பிடியையோ முடுக்க ஆரம்பித்திருந்தார். இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது?

"டீச்சர், வூட்ல கழட்டறதுக்கு இனிமே ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "நாளைக்கு வெறுங்கையோட வந்தா ஏத்திக்குவீங்களா?"

அவர் தலையைத் தூக்கவேயில்லை.

"வெறுங்கையோட எதுக்கு, பால் வாங்கிகினு வாங்க."