மூன்று படி மேலே ஒரு பாட்டு

காலையில் மேலநீலிதநல்லூர் சர்ச்சில் ஒரு கல்யாணம். பாடிய சிறுபிள்ளைகளின் குரலுக்கு ஏற்ப, கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டிச் சுருதியை மூன்று படி ஏற்றி வாசித்தேன். அந்தச் சாமர்த்தியத்தை மாலையில் சங்கரன்கோவில் மண்டபத்துக்குக் கச்சேரி வாசிக்க வந்ததும் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். ஏற்றியதை இறக்கத்தான் மறந்துபோனேன்.

அன்று செல்விக்கு எங்கள் குழுவில் முதல் மேடை. நன்றாகப் பாடினால்தான் சேர்த்துக்கொள்வேன் என்று குழுத் தலைவர் அண்ணாச்சி சொல்லியிருந்தார். சரணத்தில் மேலே போகும்போது அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

“பிள்ள பயந்துட்டு, பாத்தீராவே” என்று தாளத்துக்குப் பேடு வாசிக்கும் மாரியப்பனிடம் கண்ணடித்தேன்.

அப்புறம்தான் என் கீபோர்டின் திரையில் ‘3’ தெரிந்தது. பாட்டின் நடுவில் சுருதியை இறக்கவும் முடியாது. அவள் எப்படியோ எட்டிப் பிடித்து முடித்துவிட்டு, மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணே, சர்ச்சுப் பிள்ளைங்கல்லாம் அப்பமே வீட்டுக்குப் போயாச்சு. இனியாவது இறக்குங்க.”

கச்சேரி முடிந்ததும் அண்ணாச்சி அவளிடம், “முதப் பாட்டுலயே என்னா உச்சம் பிடிக்க. இளையரசனேந்தல் கோயில் கொடைக்கும் நீதாம்மா பாடுத” என்றார். இனி காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று நான் வயரைச் சுற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் சிரித்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அண்ணாச்சிக்கு உண்மை இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

இப்போதெல்லாம் யாராவது பாடத் திணறினால், கண்ணடிப்பதற்கு முன் என் திரையைப் பார்த்துக்கொள்கிறேன்.