வர்க்கலையில் கேட்ட வெடி

காலை பத்து இருபதுக்கு முதல் வெடி கேட்டது. மணியில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெடிச் சத்தம் கேட்டால் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது எங்கள் தொழிலில் பழகிப்போன ஒன்று. பிறகு யார் வந்து விசாரித்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தபோது நான் மணலில் குப்புறக் கிடந்தேன். படுப்பதற்கு முன்னால் "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தியும் விட்டேன். நாங்கள் இருந்தது வர்க்கலைக் கடற்கரை. அதற்கு மேலும் வெளியே போக வேண்டுமானால் கடலுக்குள்தான் போக வேண்டும்.

"ஏக்கா, மச்சான் நீச்சல் பழகுதாருபோல," என்றான் என் மனைவியின் தம்பி. "தண்ணி அங்கன இருக்கு மச்சான். இது மணலு."

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். வேதியியல் படித்தவன். யார் சட்டைப் பையிலும் தீப்பெட்டி இருக்கக் கூடாது, ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதுதான் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் வாய் நிற்காது. தெருவில் லாரி டயர் வெடித்ததற்கு ஒருமுறை மளிகைக் கடை வாசலில் படுத்திருக்கிறேன். என் மகள் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்த வாரம் அது. சொந்தக்காரர்கள் யாரும் எதிரே வராத ஒரு கடலைப் பார்க்க வேண்டும் என்று மனைவி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திருச்செந்தூருக்குப் போனால் பாதி ஊர் அங்கே இருக்கும். அதனால் மச்சினன் காரை எடுத்தான். செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு செக்போஸ்ட்டில் காவலர் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே "படக்கம் உண்டோ?" என்றார். பட்டாசு இருக்கிறதா என்று அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். நான் இறங்கி மூன்று பெட்டிகளையும் திறந்து, மனைவியின் உள்பாவாடை வரைக்கும் உதறிக் காட்டினேன். கொல்லம் வரும் வரை அவள் என்னோடு பேசவில்லை.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. மறுநாள் காலை கடற்கரைக்கு வந்ததும் குதிகாலால் மணலில் ஒரு கோடு கிழித்து, "இதைத் தாண்டக் கூடாது" என்றேன்.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணியே இல்லையேப்பா?"

"அதனாலதான் சொல்லுதேன்."

அடுத்த அலை வந்து கோட்டை அழித்துவிட்டுப் போனது. அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி ஏசிவிட்டேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த வெடி.

சத்தம் அடங்கியதும் செய்ய வேண்டியது தலைகளை எண்ணுவது. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து எண்ணினேன். மனைவி, மச்சினன், நான். மூன்று. மறுபடியும் எண்ணினேன். ஒரு வருடம் பக்கத்துக் கம்பெனியில் இப்படி எண்ணியபோது ஒரு தலை குறைந்தது. அன்றிலிருந்து எதையும் இரண்டு தடவை எண்ணுவேன்.

"பிள்ளைய எங்க?"

மச்சினன் கேலியை நிறுத்தினான். எனக்குக் கடலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. முழங்கால் வரை தண்ணீரில் இறங்கிக் கூப்பிட்டேன். மனைவிதான் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்தாள்.

"அவ செருப்பக் காணோம். செருப்பப் போட்டுக்கிட்டு யாராச்சும் கடலுக்குள்ள போவாகளா? மேட்டுப் பக்கம்தான் போயிருக்கா. ஏறி வாங்க."

மூச்சு வந்தது. அதே மூச்சில் மேட்டுப் பக்கம் பார்த்தேன். தென்னை மரங்களுக்கு மேலே வெள்ளைப் புகை. கருமருந்துப் புகை, தூரத்திலிருந்தே தெரிந்தது. இரண்டாவது வெடி வெடித்தது. பின்னாலேயே ஒலிபெருக்கியில் ஒரு குரல் பெயர்களை வாசித்தது.

வெடி, அதன் பிறகு பெயர்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சாலையோரம் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாவிடம் ஓடினேன். "வெடி... எம்புட்டுப் பேரு?" என்று கையை விரித்தேன்.

அந்த அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. "இந்நு கொறவா. ஒரு பத்து பேரு காணும்."

இன்றைக்குக் குறைவு, பத்துப் பேர்தான் இருக்கும். அந்த அம்மா எலுமிச்சையைப் பிழிந்தபடியே ஆறுதல் போல மேலும் சொன்னாள்: "ஞாயறாழ்ச்ச ஆணெங்கில் நூறு பேரு வரும்."

ஞாயிற்றுக்கிழமை என்றால் நூறு! இது என்ன ஊர், இவர்கள் என்ன மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். ஈர வேட்டி காலைச் சுற்றியது. பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் எல்லார் செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு மச்சினன். மேலே போகும் படிக்கட்டில் பாதி ஏறியபோது ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. நின்று காதைக் கொடுத்தேன். என் மகள் பெயர் வரக் கூடாது, வரக் கூடாது என்று இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

என் பெயர் வந்தது.

மலையாள வாயில் கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் என் பெயர்தான், என் அப்பா பெயரின் முதலெழுத்தோடு. பிறகு, "கார்த்திக நட்சத்திரம். வெடி ஒந்நு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் உயிரோடுதானே இருக்கிறேன் என்பது போல மனைவியைப் பார்த்தேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"நட்சத்திரம் சொல்லுதான்ங்க. செத்தவுகளுக்கு எவனாவது நட்சத்திரம் சொல்லுவானா? மேல கோயிலு இருக்கு. நம்ம ஊர்ல அர்ச்சனை பண்ணுத மாதிரி இங்கன வெடி போடுதாக!"

"அப்ப அந்தப் பத்துப் பேரு?"

"வெடிக்குச் சீட்டு வாங்குனவுக மச்சான்," என்றான் அவள் தம்பி. "ஞாயித்துக்கிழமை வந்தா நூறு தடவை படுக்கணும் நீங்க."

அந்த நேரம் என் பெயருக்கான வெடி வெடித்தது. படுக்கவில்லை. படுக்க இடமில்லை, படிக்கட்டு குறுகல். ஆனால் குனிந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன் என்று இருவரும் இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறார்கள். எத்தனையோ ஆயிரம் வெடிகள் என் கண் முன்னால் பெட்டிக்குள் போயிருக்கின்றன. எனக்காக ஒன்று வெடித்தது அதுதான் முதல் தடவை.

புகை கலைவதற்குள் மகள் மேலேயிருந்து இறங்கி வந்தாள். நெற்றியில் சந்தனம், கையில் வாழையிலைத் துண்டில் பிரசாதம், காலில் செருப்பு. ஏச வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இரண்டு தோளையும் பிடித்து, "நாலு" என்றேன்.

அவள் என் ஈர வேட்டியை, அதில் ஒட்டியிருந்த மணலை, படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவியை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். சந்தனத்தைத் தொட்டு என் நெற்றியில் வைத்தாள்.

"உங்களுக்குப் பயம் போகணும்னு வேண்டிக்கிட்டு உங்க பேருக்கு ஒண்ணு போட்டேன்ப்பா. கேட்டுச்சா, இல்ல அதுக்கும் படுத்துட்டீகளா?"